புதியவர்களுக்கென்று வைத்த வேலைகள்

சனிக்கிழமை காலை, மாடியிலிருந்த பயிற்சி அறையை அவளே திறந்து, அவளே பெருக்கினாள். பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டாள். எக்ஸ்டென்ஷன் பெட்டிகளைச் சுவரோரமாக இழுத்து, யாரும் தடுக்கி விழாதபடி வயர் மேல் டேப் ஒட்டினாள். கீழ்த்தளத்தில் டயாலிசிஸ் மையம். ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களின் மெல்லிய இரைச்சல் படிக்கட்டு வழியாக மேலே வந்துகொண்டிருந்தது.

அந்த மையத்தில் யார், எந்த நாள், எந்த நேரம், எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வது அவள் எழுதிய மென்பொருள். பெயர் 'இருக்கை'. ஓப்பன் சோர்ஸ். அதாவது, அதற்குள் எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொண்டு போய் இலவசமாகப் பயன்படுத்தலாம். தொடக்கத்தில் அவளோடு சில நண்பர்களும் இருந்தார்கள். ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. ஒருவன் வெளிநாடு போனான். இன்னொருவனை அவனுடைய ஆபீஸே விழுங்கிவிட்டது. சண்டை போட்டுக்கொண்டு யாரும் போகவில்லை. விசேஷ வீட்டிலிருந்து விருந்தாளிகள் கிளம்புவதுபோல ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். கடைசியில் பந்தலில் நின்றது அவள் ஒருத்திதான்.

பெயருக்கு இன்னொருவனும் உண்டு. அவள் கணவன்.

அவனை இந்தப் பக்கம் தள்ளிவிட்டதே அவனுடைய அக்காதான். அவள் கீழே இருக்கும் மையத்தில் தலைமை நர்ஸ். "டேய், இந்தத் திரையில ஒரு கோடு கோணலா இருக்கு, பாக்கும்போதெல்லாம் கண்ணை உறுத்துது" என்று தம்பியிடம் சொல்ல, அவன் அதைச் சரிசெய்து அனுப்ப, அதை வைத்துப் பேச ஆரம்பித்த இரண்டு பேர் வேறு விஷயங்களும் பேசி, கல்யாணத்தில் வந்து நின்றார்கள். "ஒரு கோடு கோணலா இருந்துச்சு, எனக்கு நாத்தனார் பதவி கிடைச்சுது" என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் 'இருக்கை' பக்கம் அதிகம் வரவில்லை. அவன் வேலை பார்க்கும் வங்கி மென்பொருளே அவனுக்கு மூச்சு முட்டும் அளவுக்கு இருந்தது. திருத்தங்களைத் தானே சேர்க்கும் உரிமை மட்டும் அவன் பெயரில் அப்படியே இருந்தது.

போன மாதம் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். பல ஊர்களிலும் உள்ள இந்த மையங்களை எல்லாம் நிர்வகிப்பவர். நல்ல மனிதர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"உங்க மென்பொருள் நல்லா இருக்கும்மா. அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க காய்ச்சல்ல படுத்துட்டா நான் யாரைக் கூப்பிடறது?"

அவள் வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"கூட நாலு பேர் இருக்காங்கன்னு காட்டுங்க. இல்லன்னா ஒரு கம்பெனி மென்பொருளுக்கு மாறிடலாம்னு மேலிடத்துல சொல்றாங்க. எனக்கும் எதிர்த்துப் பேச வழி இல்லை."

இந்த மையங்கள் போய்விட்டால் 'இருக்கை'யை வேறு யாரும் நம்பி எடுக்க மாட்டார்கள். இத்தனை வருஷ வேலை இணையத்தின் ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும். அதற்காகத்தான், புதியவர்களைக் கூப்பிட்டு மென்பொருளில் கைவைக்கப் பழக்கும் இந்தப் பங்களிப்பு நாள். கல்லூரிகளுக்கு எழுதினாள், நூலகப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினாள், தெரிந்த குழுக்களில் எல்லாம் கேட்டாள். வருகிறவர்கள் ஒருநாள் கூத்தாக வந்துவிட்டுப் போகக் கூடாது. தங்க வேண்டும். தங்க வேண்டுமென்றால், வந்த அன்றே தன் கையால் ஒன்றைச் செய்து, அது உள்ளே போய்ச் சேர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்கென்று இந்த மாதிரிக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. சின்னச் சின்னக் குறைகளைப் பழைய கைகள் தொடுவதில்லை. ஐந்து நிமிட வேலையாக இருந்தாலும் 'புதியவர்களுக்கு' என்று அடையாளம் போட்டு ஒதுக்கி வைப்பார்கள். அவளும் மாதக்கணக்கில் அப்படிச் சேர்த்து வைத்திருந்தாள். ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த பட்டன். பெயர் நீளமானால் பாதியில் வெட்டுப்படும் பெட்டி. நோயாளிக்குக் கொடுக்கும் நேரச்சீட்டு, ஒரே ஒரு வரிக்காக இரண்டாவது தாளுக்குப் போய்விடும் கோளாறு. பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கும். அடக்கிக்கொள்வாள்.

நாற்காலிகளைப் போட்டு முடித்ததும் மடிக்கணினியைத் திறந்தாள். 'புதியவர்களுக்கு' என்ற பகுதி காலியாக இருந்தது.

நெட் சரியில்லை என்று நினைத்தாள். மறுபடி திறந்தாள். காலி. அப்போதுதான் அவன் கையில் டீ பிளாஸ்க்கும் அக்குளில் பிஸ்கட் பொட்டலங்களுமாகப் படியேறி வந்தான். முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு.

"எங்கே?" என்றாள்.

"எது எங்கே?"

"புதியவங்களுக்குன்னு வெச்சிருந்தேனே, எல்லாம் எங்கே?"

"பாத்துட்டியா? மத்தியானம் சொல்லலாம்னு இருந்தேன்." பிஸ்கட்டுகளை மேஜையில் வைத்துவிட்டுக் கைகளை விரித்துக் காட்டினான். "ஒண்ணு விடாம முடிச்சுட்டேன். நேத்து ஆபீசுக்கு லீவு. காலையில நீ கிளம்பின உடனே உக்காந்தவன், நீ வர்றதுக்குள்ள எழுந்துட்டேன்."

அவள் அருகிலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ஏன்?"

"ஏன்னா? அக்கா வாரா வாரம் போன் பண்ணி, 'உன் பொண்டாட்டி அந்தப் பட்டனை எப்படா சரி பண்ணுவா'ங்கறா. இன்னைக்கு வேத்து ஆளுங்க வந்து பாத்துட்டு, 'என்ன இந்தம்மா இவ்வளவு குறையோட வெச்சிருக்கு'ன்னு நினைக்க மாட்டாங்களா? உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னுதான்..."

"அடப்பாவி! விருந்துக்கு வர்றவங்களுக்குன்னு ஆக்கி வெச்சதை எல்லாம் நீயே சாப்பிட்டுட்டு, பாத்திரத்தையும் கழுவிக் கவுத்துட்டு வந்து நிக்கறியே!"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. வங்கியில் திறந்து கிடக்கும் குறை என்றால் அவமானம். மேலதிகாரி கண்ணில் படுவதற்குள் மூட வேண்டும். அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டான். அவள் எதற்கு இத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"மாத்திடறேன்" என்றான் அவசரமாக. "பத்து நிமிஷம் கொடு. எல்லாத்தையும் பழையபடி கோணலாக்கிடறேன்."

அதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம். நாத்தனார் சீருடையோடு மேலே வந்தாள். இந்த ஒரு மையத்தில் மட்டும் எந்தத் திருத்தம் சேர்ந்தாலும் உடனுக்குடன் வந்துவிடும். முதலில் பயன்படுத்திப் பார்ப்பது அவர்கள்தான்.

"ஏம்மா, அந்தப் பட்டன் நேரா வந்துடுச்சு! பேரும் முழுசாத் தெரியுது. உன் கையைக் குடு, கண்ணுல ஒத்திக்கறேன்."

"என் கை இல்லை அண்ணி. உங்க தம்பி கை."

"இவனா?" அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப எதுக்குடா திருட்டு முழி முழிக்கறே?"

விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "சின்ன வயசுலேயே இவன் இப்படித்தான். பக்கத்து வீட்டு வாசல்ல செருப்பு தாறுமாறா கிடந்தா, உள்ள போகாம முதல்ல அதை ஜோடி சேர்த்து வெப்பான். அந்த வீட்டுக்காரங்க செருப்பைத் திருட வந்திருக்கான்னு துரத்தினாங்க." படியிறங்கும்போது திரும்பி, "பட்டனை மட்டும் மறுபடி கோணலாக்கிடாதீங்கப்பா, புண்ணியமாப் போகும்" என்றாள்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"கீழ வேலை பாக்கறவங்க கையில இருந்து நல்லதைப் பிடுங்கி, பொய்யா உடைச்சு வெச்சு, 'வாங்க, வந்து சரி பண்ணுங்க'ன்னு கூப்பிடணுமா? அது பொம்மை வேலை. தெரிஞ்சா ஒருத்தரும் ரெண்டாவது தடவை வர மாட்டாங்க. தெரியாட்டாலும் எனக்குத் தெரியுமே."

"அப்ப என்ன பண்ணப் போறே?"

"தெரியலை. டீயைக் குடு."

பாதி டீ குடிப்பதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு கணக்கு டீச்சர்; கைப்பையிலேயே சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. மாணவர்களுக்கு மதிப்பெண் போடச் சின்னதாக ஒரு கணினி நிரல் எழுதி, அதிலிருந்து இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது என்றார். அடுத்து ஒரு தாடிக்காரர். கம்பெனி மூடிவிட்டதால் வேலை தேடிக்கொண்டிருப்பவர். 'வீட்டுல உக்காந்தா தாடிதான் வளருது' என்று அவரே முன்வந்து சொல்லிவிட்டார். அவர்களுக்குப் பின்னால் கல்லூரிப் பெண்கள், ஒரு மருந்துக்கடைக்காரர், தயங்கித் தயங்கிக் கடைசி வரிசையைத் தேடியவர்கள். நாற்காலிகள் நிரம்பின. ஏதாவது கொடுங்கள் என்பதுபோல எல்லோருடைய மடிக்கணினியும் திறந்திருந்தது.

அவள் 'இருக்கை' எப்படி வேலை செய்கிறது என்று சொன்னாள். நீட்டிச் சொன்னாள். இனி நீட்ட முடியாது என்று ஆனதும், திரையில் நேற்றைய திருத்தங்களைக் காட்டினாள்.

"உங்களுக்குன்னு வெச்சிருந்த வேலைகள் இதெல்லாம். நேத்து எங்க வீட்டுக்காரர் ஆர்வக் கோளாறுல எல்லாத்தையும் முடிச்சுட்டார்."

சிரிப்பு எழுந்தது. ஓரமாக நின்றவன் காது மடல் சிவந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு தொய்வும் இருந்ததை அவள் கவனித்தாள். மருந்துக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கல்லூரிப் பெண் ஒருத்தி மடிக்கணினியைப் பாதி மூடினாள்.

கணக்கு டீச்சர் கை தூக்கினார். பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அந்தப் பழக்கம் வந்திருக்க வேண்டும்.

"ஒரு சந்தேகம். இதையெல்லாம் அவர் எழுதினார், சரி. திருத்தினது யாரு?"

"அவர்தான் எழுதித் திருத்தி..."

"இல்லம்மா. விடைத்தாளைத் திருத்தற மாதிரி கேக்கறேன். இது சரின்னு பாத்துச் சொன்னது யாரு?"

"எழுதினவரே சரின்னு சொல்லக் கூடாதுங்கறது எங்க விதி. அதனால சேர்ந்த பிறகாவது நான்தான் பாக்கணும். இன்னும் பாக்கலை. இப்பவே..." என்று மடிக்கணினியை நோக்கிக் குனிந்தவள், பாதியில் நின்றாள்.

தாடிக்காரர் இதற்குள் தன் கணினியில் பழைய திருத்தங்களை எல்லாம் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் பூரா எழுதினதும் நீங்க, சரின்னு சொன்னதும் நீங்கதான் போல."

"ஆமா" என்றாள். "வேற ஆள் இல்லை."

சொல்லும்போதே அவளுக்குள் ஏதோ அசைந்தது. மேலாளர் கேட்டதும் இதைத்தானே? பட்டனை நேராக்க யார் இருக்கிறார் என்றா கேட்டார்? அவள் படுத்துவிட்டால் சரி, தப்பு என்று சொல்ல இன்னொருவர் உண்டா என்றுதான் கேட்டார். அவளோ வருகிறவர்களுக்குப் பட்டனையும் பெட்டியையும் எடுத்து வைத்துவிட்டு, சரி சொல்லும் இடத்தைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

நிமிர்ந்தாள். "நீங்க பாருங்க."

"யாரு, நானா?" என்றார் டீச்சர்.

"எல்லாரும். ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்து, ஆளுக்கு ஒரு திருத்தம் எடுத்துக்கங்க. ஏன் இப்படி மாத்தினார், வேற எதையாவது கெடுத்துட்டாரா, பாருங்க. சந்தேகம்னா கூச்சப்படாம கேளுங்க. பதில் சொல்ல ஆள் இங்கேயே இருக்கார்." கணவன் பக்கம் திரும்பினாள். "ஐயா, முன்னாடி வந்து உக்காருங்க."

அவன் பலி ஆடு போல வந்து உட்கார்ந்தான்.

அறையே மாறிப்போனது. கடைசி வரிசைக்காரர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். தானாக எழுதுவதற்குப் பயந்தவர்களுக்கு, இன்னொருவர் எழுதியதில் நொட்டை சொல்லத் தைரியம் தாராளமாக வந்தது. பெயர்ப் பெட்டியை எடுத்துக்கொண்ட கல்லூரிப் பெண்கள், தங்கள் தோழிகளிலேயே மிக நீளமான பெயரை உள்ளே போட்டுச் சோதித்தார்கள். மருந்துக்கடைக்காரர் கடிகாரத்தை மறந்துவிட்டு, "இந்த வரி எதுக்கு சார்? தெரியாமத்தான் கேக்கறேன்" என்று தொடங்கி, அவனை மூன்று முறை திணற வைத்தார். அவனும் முதலில் நெளிந்தான். பிறகு சூடு பிடித்து, கையை ஆட்டி விளக்க ஆரம்பித்தான். வங்கியில் அவனிடம் யாரும் இப்படி ஆசையாகக் கேள்வி கேட்டதில்லை.

டீச்சரும் தாடிக்காரரும் நேரச்சீட்டை எடுத்திருந்தார்கள். டீச்சர் அதைத் தாளில் அச்சடித்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"சார், இது ஒரே தாளுக்குள்ள எப்படி அடங்குச்சு?"

"எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினேன்" என்றான்.

"கொஞ்சமா? எங்க பள்ளிக்கூடத்துலயும் தாளை மிச்சம் பிடிக்கறேன்னு கேள்வித்தாளை இப்படித்தான் சுருக்குவாங்க. கேள்வி எழுதின எனக்கே கேள்வி தெரியாது. இதை வாங்கிப் படிக்கறவங்க யாரு?"

அவன் வாய் திறப்பதற்குள், பிஸ்கட் எடுக்க வந்த நாத்தனார் நின்றுவிட்டாள். "அதானா சேதி! காலையில இருந்து ஒவ்வொருத்தரா 'கண்ணாடி கொண்டு வரலை, கொஞ்சம் படிச்சுச் சொல்லு தாயி'ங்கறாங்க. எல்லாரும் எப்படி ஒரே நாள்ல கண்ணாடியை மறந்துட்டு வந்தாங்கன்னு நான் அதிசயப்பட்டுக்கிட்டு இருக்கேன்! சர்க்கரை வியாதியில பாதிப் பேருக்குப் பார்வை மங்கல்டா."

அவன் எழுந்துவிட்டான். "அக்கா, சீட்டுல எழுத்தை மட்டும் உடனே பழையபடி பெருசாக்கிடறேன்." செய்துவிட்டு டீச்சரிடம் திரும்பினான். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தோணியே இருக்காது."

"அப்ப ரெண்டாவது தாள்?" என்றாள் அவள்.

தாடிக்காரர் சீட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், மையத்தோட முகவரி மேலயும் இருக்கு, கீழயும் இருக்கு. வந்து உக்காந்திருக்கறவங்களுக்கு எந்த இடத்துல உக்காந்திருக்கோம்னு ரெண்டு தடவையா சொல்லணும்? கீழே இருக்கறதை எடுத்துட்டா வரி மிச்சம்."

அந்தச் சீட்டை வடிவமைத்ததே அவள். இத்தனை வருஷத்தில் அந்த இரண்டாவது முகவரி அவள் கண்ணில் படவேயில்லை.

"எழுதுங்க" என்றாள்.

அவர் எழுதினார். டீச்சர் வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இதை அழிச்சா வெளியூர் மையத்துச் சீட்டு என்னாகும்?" என்று கேட்டு, அதையும் அச்சடித்து, அதிலும் மேலே முகவரி இருப்பதைப் பார்த்துக்கொண்டார். அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் கை இரண்டு தடவை விசைப்பலகையை நோக்கிப் போனது. கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். பிறகு டீச்சருக்கும் தாடிக்காரருக்கும் சரி சொல்லும் உரிமையைக் கொடுத்தாள்.

"சிகிச்சை நேரத்தைக் கணக்குப் போடற பகுதி வேற. அதைத் தொட நீங்க இன்னும் நிறையப் பழகணும். திரையும் அச்சும் இன்னைக்கே உங்க பொறுப்பு. ஒருத்தர் எழுதினா இன்னொருத்தர் பாக்கணும். விதி அவ்வளவுதான்."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி" என்று வாயால் சொல்லிக்கொண்டே அழுத்தினார். திருத்தம் உள்ளே போனது. அவள் எழுதாத, அவள் சரி பார்க்காத, அவள் விரல் நுனிகூடப் படாத திருத்தம். யாரோ கை தட்ட, அறை முழுக்கத் தட்டியது. தாடிக்காரர் தாடியைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியதை டீச்சர் மட்டும் பார்த்து, பார்க்காததுபோல இருந்துகொண்டார்.

கணவன் அவளருகே வந்து நின்றான். "இவ்வளவு பேர் முன்னாடி என் மானம் போச்சு."

"போகட்டும். எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றான். பிறகு, கூட்டத்தைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தி, "நான் லீவு போட்டு முழு நாள் உக்காந்தும் உனக்கு ஒரு பட்டனைத்தான் நேராக்கிக் குடுத்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லி இத்தனை பேரை எழுப்பி விட்டுட்டே. என் பொண்டாட்டின்னு சொல்லிக்க எனக்கு இன்னும் கொஞ்சம் தகுதி சேர்க்கணும் போல."

"முதல்ல உன் டீச்சர் கூப்பிடறாங்க, போய்ப் பதில் சொல்லு."

மாலையில் மேலாளர் வந்தார். நாத்தனார் விடாமல் போன் செய்து வரவழைத்திருந்தாள். கீழே ஒரு பெரியவர் நேரச்சீட்டைத் தானே படித்துத் தன் மகனுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டே மேலே ஏறியிருந்தார்.

"இது நல்லா இருக்கே. கீழ இருந்த முகவரியை ஏன் எடுத்தீங்க? வெளியூர் மையங்களுக்கு அது வேணுமே?"

அவளுக்கு ஓரளவு பதில் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனாலும், "எனக்குத் தெரியாது சார்" என்றாள். இத்தனை வருஷத்தில் 'இருக்கை'யைப் பற்றி அவள் இப்படிச் சொன்னது இதுவே முதல் முறை. சொன்னதும் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அதைச் செஞ்சது இவர். சரி பாத்தது இவங்க. அவங்களையே கேளுங்க."

தாடிக்காரர் எழுந்து விளக்க ஆரம்பித்தார். டீச்சருக்கு அது போதவில்லை; பையிலிருந்து மார்க்கரை எடுத்து வெள்ளைப் பலகையில் சீட்டையே வரைந்து, வெளியூர் மையத்துக்கு என்ன ஆகும் என்று காட்டினார். மேலாளர் இரண்டு தடவை குறுக்குக் கேள்வி கேட்டார். இரண்டுக்கும் பதில் வந்தது. மூன்றாவது கேள்விக்கு, "அதை நாங்க பாக்கலை. குறிச்சுக்கறோம், பாத்துட்டுச் சொல்றோம்" என்றார் டீச்சர்.

அந்தப் பதில்தான் மேலாளருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்துப்போனது. முகத்தில் தெரிந்தது. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார்.

"இதுல ஏதாவதுன்னா யாரைக் கூப்பிடணும்?"

"பள்ளிக்கூட நேரத்துல என்னைக் கூப்பிடாதீங்க. சாயங்காலம் கூப்பிடுங்க" என்றார் டீச்சர்.

"பகல்ல என்னைக் கூப்பிடுங்க சார்" என்றார் தாடிக்காரர். "வேலை கிடைச்சுட்டா சாயங்காலத்துக்கு மாறிக்கறேன்."

"எங்க நம்பரும் போட்டுக்கங்க சார்" என்றாள் கல்லூரிப் பெண் ஒருத்தி. மருந்துக்கடைக்காரர், கடை நம்பர் போதுமா என்று கேட்டார்.

மேலாளர் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டார். "மாத்த வேண்டாம்னு மேலிடத்துல நான் பேசிக்கறேன்" என்றார் அவளைப் பார்த்து. "இனிமே பேச எனக்கு வழி இருக்கு."

நாத்தனார் கதவருகே நின்று, வந்து போகிற தன் நர்ஸ்களிடம் எல்லாம், "எங்க வீட்டுப் பொண்ணு" என்று விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

'இருக்கை'யை எழுதியவள், ஆட்கள் வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். இப்போதுதான் கால் வலி தெரிந்தது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முன்னால் டீச்சரும் அவள் கணவனும் பெயர்ப் பெட்டியின் அகலத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தாடிக்காரர் சமாதானம் பேசப் போய், இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருந்தார். யாரும் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. யாரும் அவளிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. யார் சொல்வது சரி என்று அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. சொல்லாமல், அவர்கள் என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.